பொதுப் பதிவேடும் தனிவாழ்வும்: அரசு ஆவணங்களில் வழக்கறிஞர்களின் தனிநபர்த் தகவல் பாதுகாப்பு

ஆய்வுச்சுருக்கம்

வழக்கறிஞர் ஒருவரைப் பற்றிய தகவல்கள் பார் கவுன்சில், நீதிமன்றம், சட்டப்பணிகள் ஆணைக்குழு முதலிய அமைப்புகளின் ஆவணங்களில் பதிவாகின்றன. இவற்றுள் எவை பொதுமக்கள் அறியவேண்டியவை, எவை காக்கப்படவேண்டியவை என்னும் வரையறை இந்தியச் சட்டங்களில் தெளிவாக அமையவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) உட்பிரிவு 2025 நவம்பரில் திருத்தப்பட்ட வடிவில் நடைமுறைக்கு வந்தபின் இக்கேள்வி மேலும் கூர்மை பெற்றுள்ளது. வழக்கறிஞர் வகிக்கும் பதவியை வைத்து மறைப்புரிமை வழங்கும் அமெரிக்க முறையையும், எல்லாத் தனிநபர்த் தகவலையும் ஒரே சொல்லில் அடக்கும் இந்தியத் திருத்தத்தையும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. தகவலின் தன்மையையும் அது பெறப்பட்ட நோக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டு பகுத்துக் காப்பதே பொருத்தமான வழி என்று நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வழக்கறிஞர் பெயர்ப்பதிவேடு, அந்தரங்க உரிமை, தகவல் அறியும் உரிமை, தனிநபர் தரவு, பார் கவுன்சில், பொதுநலன்.

முன்னுரை

நீதிமன்றத்தில் ஒருவருக்காக வாதாட எழுந்து நிற்பவர் உண்மையிலேயே வழக்கறிஞர்தானா என்று கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. அக்கேள்விக்கு விடை தருவதற்காகவே வழக்கறிஞர்களின் பெயர்ப்பதிவேடு பேணப்படுகிறது. ஆனால் அப்பதிவேட்டைத் திறக்கும் ஒருவர், அவ்வழக்கறிஞர் எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருக்கிறார் என்பதையும் அறிந்துகொள்ள முடியுமானால், பதிவேடு தன் நோக்கத்தைக் கடந்து சென்றுவிடுகிறது. முதலாவது தகவல் கட்சிக்காரரை மோசடியிலிருந்து காக்கிறது. இரண்டாவது தகவல், வழக்கில் தோற்ற ஒருவருக்கோ மிரட்ட விரும்பும் ஒருவருக்கோ வழிகாட்டியாகிவிடலாம். இவ்விரு தகவல்களும் ஒரே விண்ணப்பப் படிவத்தில், ஒரே கோப்பில் இருக்கின்றன என்பதே சிக்கலின் தொடக்கம்.

இந்தியாவில் வழக்கறிஞர் பாதுகாப்புப் பற்றிய விவாதம் பெரும்பாலும் உடல்வழித் தாக்குதலை ஒட்டியே நிகழ்ந்துள்ளது. ராஜஸ்தான் மாநிலம் 2023இல் வழக்கறிஞர் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. கர்நாடகமும் வழக்கறிஞர்கள்மீதான வன்முறையைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் ஓசூர் நீதிமன்றப் பகுதியில் வழக்கறிஞர் ஒருவர் வெட்டப்பட்டபோதும் இத்தகைய சட்டத்துக்கான கோரிக்கை எழுந்தது. தாக்குதல் நிகழ்ந்தபின் தண்டிப்பது குறித்து இவ்விவாதங்கள் விரிவாகப் பேசுகின்றன. தாக்க வருபவர் கையில் முகவரி எவ்வாறு கிடைக்கிறது என்பது குறித்துப் பேசுவது குறைவு. இக்கட்டுரை அந்த இடைவெளியில் நின்று சில கருத்துகளை முன்வைக்கிறது.

இருவகை மறைபொருள்

‘வழக்கறிஞரும் இரகசியமும்’ என்றவுடன் நினைவுக்கு வருவது கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் கூறியவற்றின் மறைபொருள் தன்மையே. இது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இடம்பெற்றிருந்தது. இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023இன் 132ஆம் பிரிவில் உள்ளது. புலனாய்வு அமைப்புகள் வழக்கறிஞர்களுக்கு அழைப்பாணை அனுப்பும் வழக்கம் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 31 அன்று வழங்கிய தீர்ப்பும் இப்பொருள் சார்ந்ததே. இந்த உரிமை கட்சிக்காரருக்கு உரியது. வழக்கறிஞர் அதன் காவலர் மட்டுமே.

இக்கட்டுரையின் பொருள் வேறு. வழக்கறிஞர் தாமே ஒரு தனிமனிதர் என்ற நிலையில் அவரைப் பற்றி அரசும் சட்டமுறை அமைப்புகளும் வைத்திருக்கும் தகவல்களின் மறைபொருள் தன்மையே இங்கு ஆராயப்படுகிறது. எனினும் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. வழக்கறிஞரை அவருடைய வீட்டில் வைத்து மிரட்ட முடியுமானால், அம்மிரட்டலின் பயன் கட்சிக்காரரையே சென்று தாக்கும். வழக்கறிஞர்களின் பங்கு குறித்து ஐக்கிய நாடுகள் அவை 1990இல் ஹவானா மாநாட்டில் ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள் இதனை உணர்ந்தே அமைந்துள்ளன. அச்சுறுத்தலோ தலையீடோ இன்றித் தொழில் செய்யும் சூழலை அரசு உறுதிசெய்யவேண்டும் என்று 16ஆம் கோட்பாடும், தொழில் காரணமாக ஆபத்து நேரும்போது உரிய பாதுகாப்பு வழங்கவேண்டும் என்று 17ஆம் கோட்பாடும், வழக்கறிஞரைக் கட்சிக்காரரோடு ஒன்றாக்கிப் பார்க்கலாகாது என்று 18ஆம் கோட்பாடும் கூறுகின்றன.

எந்த ஆவணத்தில் எந்தத் தகவல்?

வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 17ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலப் பார் கவுன்சிலும் வழக்கறிஞர் பெயர்ப்பதிவேட்டைப் பேணவேண்டும். அது மூத்த வழக்கறிஞர்கள், பிற வழக்கறிஞர்கள் என இரு பகுதிகளைக் கொண்டது. 19ஆம் பிரிவின்படி அதன் படி இந்தியப் பார் கவுன்சிலுக்கு அனுப்பப்படுகிறது. பெயரும் பதிவு நாளும் முன்னுரிமை வரிசையும் காட்டுவதே பதிவேட்டின் மையம். ஆனால் அப்பெயர் பதிவேட்டில் ஏறுவதற்கு முன் ஒரு கோப்பு உருவாகிறது. பிறந்த நாள், பெற்றோர் பெயர், நிரந்தர முகவரி, கல்விச் சான்றுகள், ஒளிப்படம், கையொப்பம் ஆகியவை அதில் சேர்கின்றன.

இக்கோப்பில் பலரும் கவனிக்காத ஒரு தகவல் உண்டு. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24(1)(ஊ) உட்பிரிவின்படிப் பதிவுக் கட்டணம் மாநிலப் பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்தியப் பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய் என மொத்தம் 750 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அது 100 ரூபாயும் 25 ரூபாயுமாக 125 ரூபாய். இதற்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணச் சலுகைக்கு உரிய சான்றை இணைப்பவரின் சாதி, பதிவுக் கோப்பிலேயே ஆவணமாகிவிடுகிறது. செலுத்திய தொகையைக் காட்டும் ஒரு பட்டியல்கூட அவருடைய சமூகப் பின்னணியைச் சொல்லிவிடும். சாதி அடையாளம் தெரிந்தால் வாடகை வீடு கிடைப்பதும் வழக்கு வருவதும் மாறக்கூடிய சூழலில், இத்தகவலைக் கல்விச் சான்றோடு ஒருதட்டில் வைத்துப் பார்க்க இயலாது.

அடுத்து, நீதிமன்ற ஆவணங்கள். வக்காலத்தில் வழக்கறிஞரின் பெயர், பதிவு எண், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இடம்பெறுகின்றன. மின்-நீதிமன்ற இணையத்தளத்தில் வழக்கறிஞர் பெயரையோ பதிவு எண்ணையோ இட்டு அவர் நடத்தும் வழக்குகளைத் தேடும் வசதி உள்ளது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன்கீழ் அமைந்த மாவட்ட ஆணைக்குழுக்கள் பலவும் தம் பட்டியல் வழக்கறிஞர்களின் பெயர்களைக் கைப்பேசி எண்களோடு வெளியிடுகின்றன. எளியோர் இலவசச் சட்ட உதவி பெறவேண்டும் என்ற நல்ல நோக்கம் அதற்கு உண்டு. ஆயினும் பட்டியலில் இருப்பவர் பெண்ணாக இருக்கும்போது, இரவு நேர அழைப்புகளை அவரே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

வழக்கறிஞர் என்ற முறையில் அல்லாது குடிமகன் என்ற முறையில் உருவாகும் ஆவணங்களும் உள்ளன. வாக்காளர் பட்டியல் ஒருவரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண் ஆகியவற்றைத் தருகிறது. பதிவுத்துறை ஆவணங்கள் சொத்து விவரம் தருகின்றன. இவை ஒவ்வொன்றும் தனித்து நோக்கத் தீங்கற்றவை. நீதிமன்ற இணையத்தளத்தில் கிடைத்த பெயரையும் ஊரையும் வாக்காளர் பட்டியலோடு பொருத்திப் பார்க்கும்போது வீட்டு வாசல் தெரிந்துவிடுகிறது. தாள் ஆவணக் காலத்தில் இவ்விணைப்புக்குப் பல நாள் அலைச்சல் தேவைப்பட்டது. அந்த அலைச்சலே ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது. எண்ணிமக் காலத்தில் அப்பாதுகாப்பு இல்லை.

வெளிப்படைத்தன்மையின் தேவை

மறைப்பை வலியுறுத்துமுன், எவை திறந்திருக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்குவது அவசியம். இந்திய வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய இயலாது. இந்தியப் பார் கவுன்சில் விதிகளில் 36ஆம் விதி அதனைத் தடைசெய்கிறது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம், பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், கல்வித்தகுதி, பயிலும் துறை போன்ற சில விவரங்களைத் தம் இணையத்தளத்தில் தர மட்டும் வழக்கறிஞருக்கு இடமளித்தது. விளம்பரம் இல்லாத ஒரு தொழிலில், ஒருவர் உண்மையான வழக்கறிஞரா என்று சரிபார்க்கப் பொதுமக்களுக்கு உள்ள முதன்மையான வழி சட்டமுறைப் பதிவேடே.

போலி வழக்கறிஞர் சிக்கல் கற்பனையானதன்று. சான்றிதழ்களையும் தொழில்புரியும் இடத்தையும் சரிபார்க்க இந்தியப் பார் கவுன்சில் 2015இல் தனி விதிகளை வகுத்தது. அப்பணி முறையாக முடியாத நிலையில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி தீபக் குப்தா தலைமையில் உயர்நிலைக் குழுவை அமைத்தது. ஒருவரின் பட்டம் உண்மையானதா, அவர் தொழில் தடைக்கு உள்ளாகியிருக்கிறாரா, 35ஆம் பிரிவின்கீழ் தண்டிக்கப்பட்டிருக்கிறாரா என்பவை கட்சிக்காரரின் பொருளையும் சிலவேளை உயிரையும் பாதிக்கும் செய்திகள். இவற்றை ‘தனிநபர்த் தகவல்’ என்று கூறி மறைப்பது உண்மையான வழக்கறிஞர்களைக் காப்பதாகாது, போலிகளையே காக்கும்.

மேற்கண்ட 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உள்ளது. அங்கு முகவரியை வெளியிடுவது வழக்கறிஞரின் விருப்பம். அலுவலக முகவரியைத் தரலாம், தராமலும் இருக்கலாம். அரசு ஆவணத்தில் அவ்விருப்பம் இல்லை. தகவல் தருவது கட்டாயம். கட்டாயமாகப் பெறப்பட்ட தகவலை வெளியிடுவதற்கு, விருப்பத்தோடு வெளியிடப்பட்ட தகவலுக்குரிய அளவுகோலைப் பயன்படுத்துவது முறையன்று.

தீங்கின் இயல்பு

வழக்கறிஞர் தொழிலில் ஒவ்வொரு வழக்கிலும் எதிர்த்தரப்பு ஒன்று உண்டு. மணமுறிவு, நிலத்தகராறு, சாதிய வன்கொடுமை, பாலியல் குற்றம் போன்ற வழக்குகளில் அவ்வெதிர்ப்பு வழக்கறிஞர்மீதே திரும்புவதுண்டு. பொதுமக்கள் வெறுக்கும் குற்றத்தில் குற்றம்சாட்டப்பட்டவருக்காக வாதாடுபவரின் நிலை இன்னும் கடினமானது. அவரைத் தம் சங்கமே கைவிடலாம். குறிப்பிட்ட நபர்களுக்காக எவரும் வாதாடக்கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் இயற்றும் தீர்மானங்கள் செல்லாதவை என்று, கோயம்புத்தூரில் எழுந்த ஏ.எஸ். முகமது ரபி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரில் கூறியது. வாதாடும் உரிமையை அத்தீர்ப்பு காத்தது. ஆனால் வாதாடுபவரின் வீட்டு முகவரி எல்லார் கையிலும் இருக்குமானால், அவ்வுரிமையைப் பயன்படுத்தத் துணிபவர் சிலரே இருப்பர்.

இதில் வசதி வேறுபாடும் கலந்துள்ளது. பெருநகரில் தனி அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞருக்குப் பதிவேட்டில் எந்த முகவரி உள்ளது என்பது பெரிய சிக்கலன்று. வட்ட நீதிமன்றங்களில் தொழில் செய்வோர் பலருக்கு வீட்டின் முன்னறையே அலுவலகம். முதல் தலைமுறையில் சட்டம் பயின்று வந்த பெண் வழக்கறிஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் தங்கியிருப்பது வாடகை வீடு. ஒரு குடும்ப வன்முறை வழக்கில் மனைவிக்காக அவர் முன்னிலையாகிறார். வக்காலத்தின் படி எதிர்த்தரப்புக்கும் செல்கிறது. அதில் அவருடைய வீட்டு முகவரி இருக்கிறது. மறுநாள் வீட்டுக்கு வருபவர் கத்தியோடு வரவேண்டியதில்லை. வீட்டு உரிமையாளரிடம் இரண்டு சொல் சொன்னால் போதும். அடுத்த வழக்கை ஏற்பதா என்று அவர் தயங்குவார். அத்தயக்கத்தின் விலையைக் கொடுப்பவர் அவரைத் தேடி வரும் அடுத்த பெண்.

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் மூன்றாம் கட்டளை ஐந்தாம் விதி, நீதிமன்ற அறிவிப்பை வழக்கறிஞரின் அலுவலகத்திலோ அவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்திலோ விட்டுச்செல்லலாம் என்கிறது. அலுவலகமும் வீடும் அவ்விதியில் சமமாகவே கருதப்பட்டன. மாறாக, உச்ச நீதிமன்ற விதிகள், 2013, பதிவுபெற்ற முன்னிலை வழக்கறிஞருக்கு நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தில்லியில் அலுவலகம் இருக்கவேண்டும் என்கின்றன. அங்குத் தேவைப்படுவது தொழிலுக்குரிய முகவரியே. இவ்விரு விதிகளுக்கும் இடையில் உள்ள ஒரு நூற்றாண்டு மாற்றம் மாவட்ட நீதிமன்றப் படிவங்களில் முழுமையாக எதிரொலிக்கவில்லை.

இந்தியச் சட்ட நிலை: 1994 முதல் 2025 வரை

அரசு ஆவணத்தில் உள்ளதெல்லாம் பொதுத்தகவலா என்னும் கேள்விக்குத் தொடக்ககால விடை தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் கிடைத்தது. மரண தண்டனைக் கைதி ஒருவரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்தபோது எழுந்த ஆர். இராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், உச்ச நீதிமன்றம் 1994இல் அந்தரங்க உரிமையை ஏற்றது. ஆனால் ஒரு செய்தி பொது ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டால் அதன்மீது அவ்வுரிமை நிலைக்காது என்றும் கூறியது. பாலியல் குற்றங்களுக்கு உள்ளான பெண்களின் அடையாளம் போன்றவற்றை மட்டும் விலக்காக வைத்தது. பத்திரிகைச் சுதந்திரத்தின் நோக்கில் அத்தீர்ப்பு பெரும் முன்னேற்றம். எனினும் ‘பொது ஆவணம்’ என்பது பதிவறைக் கட்டுகளைக் குறித்த காலத்து விதி அது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நுட்பமான சமநிலையை முன்வைத்தது. அதன் 8(1)(ஞ) உட்பிரிவின்படி, பொதுச் செயற்பாட்டோடு தொடர்பற்ற அல்லது அந்தரங்கத்தில் தேவையற்று ஊடுருவுகிற தனிநபர்த் தகவலை மறுக்கலாம். பெரும் பொதுநலன் இருப்பின் தரவேண்டும். உயிருக்கோ உடற்பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் தகவலை 8(1)(எ) உட்பிரிவின்படி மறுக்கலாம். பீகார் அரசுப் பணியாளர் தேர்வாணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் இவ்வுட்பிரிவைப் பயன்படுத்தியே நேர்காணல் குழு உறுப்பினர்களின் பெயர்களையும் முகவரிகளையும் வெளியிடத் தேவையில்லை என்றது. தம் பணியின் காரணமாகச் சிலரின் வெறுப்புக்கு ஆளாகக்கூடியவர்களின் முகவரி என்னும் அடிப்படையில் இத்தீர்ப்பு வழக்கறிஞர்களுக்கும் பொருந்தும் தன்மையுடையது.

2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. சட்டத்தின் இருப்பு, முறையான நோக்கம், நோக்கத்துக்கேற்ற அளவு ஆகியவை அவ்வுரிமையில் தலையிடுவதற்கான அளவுகோல்களாயின. இதன்பின், ஆவணத்தில் ஏறியதாலேயே ஒரு தகவல் அந்தரங்கத்தை இழந்துவிடும் என்னும் பழைய நிலைப்பாட்டை எல்லாத் தகவலுக்கும் பொருத்துவது கடினம். வீட்டு முகவரியை வெளியிடுவது பதிவேட்டின் நோக்கத்துக்கு ஏற்ற அளவினதா என்று கேட்டே ஆகவேண்டும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023இன் 44(3) உட்பிரிவு, 8(1)(ஞ) உட்பிரிவைச் சுருக்கித் தனிநபர்த் தகவல் என்ற ஒற்றை வரையறைக்குள் அடக்கியது. இத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுச் செயற்பாட்டோடு தொடர்பு உண்டா என்னும் சோதனை இப்போது அவ்வுட்பிரிவில் இல்லை. 8(2) உட்பிரிவின் பொதுநலன் விதி எஞ்சியிருப்பினும், அதனைப் பயன்படுத்துவது தகவல் அலுவலரின் துணிவைப் பொறுத்தது. ஒரு வழக்கறிஞரின் பதிவு நாளையோ ஒழுங்கு நடவடிக்கையின் முடிவையோ கேட்பவருக்கும் ‘இது தனிநபர்த் தகவல்’ என்ற ஒற்றை வரி விடையாகக் கிடைக்கும் ஆபத்து உள்ளது.

மறுபுறம், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(இ) உட்பிரிவு, சட்டக் கடமையின்படி ஒருவர் பொதுவில் வெளியிட்ட தனிநபர் தரவுக்கு அச்சட்டமே பொருந்தாது என்கிறது. ஆகவே வெளியிடும் கடமை ஒன்றின்கீழ் ஓர் அமைப்பு முகவரியோடு கூடிய பட்டியலை இணையத்தில் ஏற்றிவிட்டால், அதன்பின் அத்தரவைத் தொகுத்து விற்பவரை இச்சட்டத்தைக் கொண்டு தடுப்பது அரிது. கேட்டால் மறுக்கப்படலாம், வெளியிட்டுவிட்டால் காக்கப்படாது. இம்முரண் காரணமாக, வெளியிடும் கணத்தில் எடுக்கப்படும் முடிவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அமெரிக்க அனுபவம்: பதவிவாரிப் பாதுகாப்பு

அமெரிக்காவில் இச்சிக்கல் பதவிகளின் பட்டியலாக வளர்ந்துள்ளது. புளோரிடா மாநிலத்தில் அரசு ஆவணங்களைக் காணும் உரிமை 1992இல் அரசமைப்பிலேயே இடம்பெற்றது. எனவே ஒவ்வொரு விலக்குக்கும் தனிச்சட்டமும், அதன் பொதுத்தேவையை விளக்கும் கூற்றும், சட்டமன்றத்தில் மூன்றில் இரு பங்கு ஆதரவும் வேண்டும். அம்மாநிலச் சட்டத்தொகுப்பின் 119.071ஆம் பிரிவு அரசுத்தரப்பு வழக்கறிஞர்கள், அவர்களுடைய உதவியாளர்கள், ஏழைகளுக்காக அரசு அமர்த்தும் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர்கள் ஆகியோரின் வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிறந்த நாள் முதலியவற்றுக்கு விலக்களிக்கிறது. துணைவரும் பிள்ளைகளும் தொடர்பான விவரங்களும், பிள்ளைகள் பயிலும் பள்ளியும்கூட அதில் அடங்கும். புதிய விலக்குகள் ஐந்தாண்டுக்குப்பின் மீளாய்வுக்கு உள்ளாகவேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பணியமர்த்திய அலுவலகம் தவிர்த்த பிற அலுவலகங்களில் இம்மறைப்பைப் பெற ஒருவர் எழுத்து மூலம் கோரவேண்டும். கோரத் தெரியாதவருக்குப் பயன் இல்லை.

நியூ ஜெர்சியில் 2020 ஜூலை 19 அன்று கூட்டாட்சி நீதிபதி எஸ்தர் சாலஸின் வீட்டுக்குப் பொருள் வழங்குபவர்போல் வந்த ஒருவர் அவருடைய மகன் டேனியல் ஆண்டர்லைச் சுட்டுக்கொன்றார். கணவர் படுகாயமடைந்தார். சுட்டவர் அந்நீதிபதியின்முன் வழக்கு நடத்திய ஒரு வழக்கறிஞர். அவ்வாண்டு நவம்பரிலேயே நியூ ஜெர்சி ‘டேனியல் சட்டம்’ இயற்றியது. நீதிபதிகள், அரசுத்தரப்பு வழக்கறிஞர்கள், காவல்துறையினர் ஆகியோரின் வீட்டு முகவரிக்கு அது பாதுகாப்பு அளித்தது. கூட்டாட்சி நீதிபதிகளுக்கான தேசியச் சட்டம் 2022 டிசம்பரில் வந்தது.

காயமடைந்த கணவர் குற்ற வழக்குகளில் எதிரிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர். இச்சட்டங்களில் அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நீதிபதியின் குடும்பத்தினர் என்பதால் கிடைப்பது. வழக்கறிஞர் என்பதால் அன்று. பதவிவாரிப் பாதுகாப்பின் குறை இங்கு வெளிப்படுகிறது. அரசின் பக்கம் நிற்பவருக்கு மறைப்பு உண்டு. அரசை எதிர்த்து நிற்பவருக்கு இல்லை. ஒரே வழக்கில் இரு தரப்பாக நிற்கும் இருவரில் ஒருவர் வீட்டை மட்டும் சட்டம் காக்கிறது. அதோடு, ஒவ்வொரு பிரிவினரும் தமக்கும் விலக்கு வேண்டுமெனக் கோரப் பட்டியல் நீள்கிறது. பட்டியல் நீள நீளப் பொது ஆவணம் என்பதன் பொருள் சுருங்குகிறது.

தகவல்வாரிப் பகுப்பு

மேற்கண்டவற்றிலிருந்து வேறொரு வழி புலப்படுகிறது. ‘இவர் யார்’ என்று கேட்பதற்கு முன் ‘இத்தகவல் எதற்காகப் பெறப்பட்டது’ என்று கேட்கலாம். அவ்வாறு கேட்கும்போது வழக்கறிஞர் பற்றிய தகவல்கள் மூவகையாகப் பிரிகின்றன.

முதல்வகை, தொழில் அடையாளம். பெயர், பதிவு எண், பதிவு நாள், தொழில்புரியும் மாவட்டம், தற்போதைய தொழில்நிலை, இறுதியான ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை இதில் அடங்கும். இவை எவர் கேட்டாலும், கேட்காமலும் கிடைக்கவேண்டும். திருத்தப்பட்ட 8(1)(ஞ) உட்பிரிவைக் காட்டி இவற்றை மறுக்க இடமளிக்கலாகாது.

இரண்டாம்வகை, தொடர்புத் தகவல். நீதிமன்ற அறிவிப்பைச் சேர்ப்பிக்கவும் கட்சிக்காரர் அணுகவும் ஒரு முகவரி தேவை. அது வீடாக இருக்கவேண்டும் என்பதில்லை. அலுவலகம் இல்லாதவர் தம் வழக்கறிஞர் சங்கத்தின் முகவரியையோ, தொழிலுக்கெனத் தனியாக வைத்துள்ள மின்னஞ்சலையோ அளிக்க விதிகள் இடம்தரவேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் பட்டியல் வழக்கறிஞரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு மாற்றாக ஆணைக்குழு அலுவலக எண் வழியே இணைப்பளிக்கலாம்.

மூன்றாம்வகை, தனிவாழ்வுத் தகவல். வீட்டு முகவரி, முழுமையான பிறந்த நாள், குடும்பத்தினர் விவரம், சாதிச் சான்று, மருத்துவ நலநிதி விண்ணப்பங்கள், அடையாள அட்டை எண்கள் ஆகியன. இவை சரிபார்ப்புக்காக மட்டும் பெறப்பட்டவை. நீதிமன்ற ஆணையோ எடுத்துரைக்கத்தக்க பொதுநலனோ இன்றி இவை வெளிச்செல்லக்கூடாது.

இப்பகுப்பைச் செயற்படுத்தப் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஓர் ஆவணத்தில் மறைக்கவேண்டிய பகுதியை நீக்கி எஞ்சியதைத் தர வழிசெய்கிறது. 11ஆம் பிரிவு, மூன்றாம் தரப்பினர் மறைபொருளாகக் கருதி அளித்த தகவலைத் தருமுன் ஐந்து நாளுக்குள் அவருக்கு அறிவிப்பு அனுப்பவும், அவர் பத்து நாளுக்குள் தம் கருத்தைக் கூறவும் இடமளிக்கிறது. அப்பிரிவு செயற்படத் தகவலை அளித்தவர் அதை மறைபொருளாகக் கருதியிருக்கவேண்டும். எனவே பதிவு விண்ணப்பப் படிவத்திலேயே, எவையெவை மறைபொருள் என்று விண்ணப்பதாரர் குறிக்கும் ஒரு பத்தியைப் பார் கவுன்சில்கள் சேர்க்கலாம். மிகச் சிறிய மாற்றம் இது. ஆனால் பின்னாளில் எழும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அதன் பயன் தெரியும்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. வழக்கறிஞர்களுக்கு மட்டும் ஏன் இச்சலுகை, மருத்துவரும் ஆசிரியரும் அச்சுறுத்தலுக்கு ஆளாவதில்லையா என்று கேட்கலாம். தகவல்வாரிப் பகுப்பு இவ்வாதத்துக்கு இடம் வைப்பதில்லை. தொழில் அடையாளம் திறந்தும் தனிவாழ்வு மூடியும் இருக்கவேண்டும் என்ற நெறி, சட்டமுறைப் பதிவேடு உள்ள எத்தொழிலுக்கும் பொருந்தும். வழக்கறிஞர் தொழிலில் எதிர்த்தரப்பு இயல்பாகவே அமைந்திருப்பதால் அங்கு அத்தேவை முதலில் புலப்படுகிறது, அவ்வளவே.

முடிவுரை

பதிவேட்டில் உள்ளது அனைத்தும் பொதுவானது என்னும் 1994ஆம் ஆண்டு நிலைக்கும், தனிநபர்த் தகவல் அனைத்தும் மறுக்கத்தக்கது என்னும் 2025ஆம் ஆண்டு நிலைக்கும் இடையில், வழக்கறிஞர்களின் தகவல்கள் உரிய பகுப்பின்றி நிற்கின்றன. முதல்நிலை உண்மையான வழக்கறிஞரின் வீட்டைத் திறந்துவைக்கிறது. இரண்டாம்நிலை போலி வழக்கறிஞரின் கோப்பை மூடிவைக்கிறது. பதவியை அளவுகோலாகக் கொண்ட அமெரிக்க முறை, அரசுத்தரப்பில் நிற்பவரைக் காத்து எதிர்த்தரப்பில் நிற்பவரை விட்டுவிடுகிறது.

பெறப்பட்ட நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டு தகவலைப் பகுத்தால் இக்குறைகள் பெரிதும் நீங்கும். அதற்கான சட்டக் கருவிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(எ), 10, 11ஆம் பிரிவுகளில் ஏற்கெனவே உள்ளன. பார் கவுன்சில்களும் மாவட்ட நீதிமன்றங்களும் தம் படிவங்களைத் திருத்துவதே முதற்பணி. வட்ட நீதிமன்றம் ஒன்றில் வக்காலத்தில் கையெழுத்திடும் இளம் வழக்கறிஞர், அத்தாளில் தம் வீட்டு முகவரியை எழுதத் தேவையில்லாத நிலை வருமானால், அவர் ஏற்கத் தயங்கும் வழக்குகளின் எண்ணிக்கை குறையும். அதன் பயன் அவரை நாடி வருவோர்க்கே சேரும்.